குப்பியிலிருந்து சிஃப் வரை: ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வில் கோளாறு எங்கே?

புதிதாக ஒரு சேர்மம் தயாரித்தவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கிரிஸ்டல் கிடைத்ததா?" என்.எம்.ஆர்., மாஸ் ஸ்பெக்ட்ரம் எல்லாம் ஒத்துவந்தாலும் ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் கட்டமைப்பு கையில் இருந்தால்தான் கைடுக்கும் நிம்மதி, ஆய்விதழுக்கும் நிம்மதி. குப்பியில் படிகம் வளர்ப்பதிலிருந்து, கட்டமைப்பின் விவரமெல்லாம் அடங்கிய சிஃப் கோப்பை ஆய்விதழுக்கு அனுப்புவது வரை எங்கெங்கே சிக்கும், சிக்கினால் என்ன செய்வது என்பதை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஷெல்எக்ஸ்எல், ஓலெக்ஸ்2 போன்ற மென்பொருள்களை ஓரளவு தொட்டுப் பார்த்தவர்களுக்கானது இது.

தொடங்குமுன் ஒன்று. கணினித் திரையில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை அல்ல. குப்பியிலோ, நுண்ணோக்கிக்கு அடியிலோ, படிகத்தை எடுத்து ஏற்றிய அந்த ஒரு நிமிடத்திலோ பிறந்தவை. அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு படி பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது. நல்ல படிகம் ஒன்று கிடைத்தால் இரண்டு வார ரிஃபைன்மென்ட் (அணு மாதிரியை டேட்டாவோடு பொருத்திச் செம்மையாக்கும் வேலை) மிச்சம்.

குப்பியில் எதுவுமே விழவில்லை

சேர்மம் எவ்வளவு சுத்தம் என்று முதலில் பாருங்கள். 95 சதவீதச் சுத்தம் அடுத்த வினைக்குப் போதும். படிகத்துக்கு அந்த மிச்ச 5 சதவீதம் பெரிய தொல்லை. காலம் (பத்தி) குரோமட்டோகிராபியை இன்னொரு முறை செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது செறிவு. 5 மில்லிகிராம் சேர்மத்தை 5 மில்லிலிட்டர் குளோரோஃபார்மில் கரைத்து மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தால் அடுத்த ஆண்டு எடுத்தாலும் அப்படியேதான் இருக்கும். கரைசல் தெவிட்டும் நிலைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், அங்கிருந்து மெதுவாக எல்லையைத் தாண்ட வேண்டும். அந்த "மெதுவாக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தானாக ஆவியாக விடும் முறை எளிது, ஆனால் கட்டுப்பாடு குறைவு. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. திறந்து வைத்தால் ஒரே இரவில் வற்றி, குப்பியின் சுவரில் மேலோடு மட்டும் மிஞ்சும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல்: அது ஆவியாகும்போது கரைசல் குளிர்ந்து, காற்றின் ஈரம் உள்ளே சொட்டாக இறங்கிவிடும். கரைசலின் மேல் மிதக்கும் சின்னச் சின்ன நீர்த்துளிகளைப் படிகம் என்று நினைத்து மகிழ்ந்தவர்கள் பலர்.

இதற்கு நல்ல மாற்று ஆவிப் பரவல். சின்னக் குப்பியில் அரை மில்லிலிட்டர் கரைசல், அதைப் பெரிய குப்பிக்குள் இறக்கி, சுற்றிலும் சேர்மத்தைக் கரைக்காத திரவம் மூன்று நான்கு மில்லிலிட்டர், வெளிமூடி இறுக்கம். வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட எளிதில் ஆவியாக வேண்டும். டைகுளோரோமீத்தேனுக்கு வெளியே பென்டேன் அல்லது டைஎத்தில் ஈதர் பொருந்தும். ஹெக்சேன் வைத்தால் அது உள்ளே வருவதைவிட வேகமாக டைகுளோரோமீத்தேன் வெளியே போய்விடும். டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைசலுக்கு ஈதர் அருமையான துணை. ஆனால் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி என்பதை மறக்க வேண்டாம். மே மாதம் ஏசி இல்லாத அறையில் அந்தக் குப்பியை வைத்தால் அது பரவல் இல்லை, கிட்டத்தட்டக் கொதிப்பு. தீப்பொறி படாத, ஆய்வகத்துக்கென்றே உள்ள குளிர்பெட்டியில் வையுங்கள்.

எல்லாம் செய்தும் கரைசல் தெளிவாகவே நின்றால் கண்ணாடிக் கம்பியால் குப்பியின் உட்சுவரை லேசாகக் கீறிப் பாருங்கள். பழைய வித்தைதான், இன்றும் பலிக்கிறது. சேர்மமே எண்ணெயாகத்தான் இருக்கும் என்றால் வேறு வழி உண்டு. டோக்கியோவில் மகோடோ ஃபுஜிதா குழு 2013இல் காட்டிய படிகப் பஞ்சு முறையில் உங்கள் சேர்மம் படிகமாக வேண்டியதே இல்லை. ஏற்கெனவே துளைகளோடு இருக்கும் படிகத்துக்குள் அது போய் வரிசையாக உட்கார்ந்தால் போதும். கேட்க எளிது. உட்கார வைப்பதுதான் கடினம்.

எண்ணெயாகப் பிரிகிறது

குப்பியின் அடியில் பாகுபோலத் திரண்டு நிற்கிறதா? மீதெவிட்டல் (தெவிட்டும் அளவைத் தாண்டிக் கரைந்திருப்பது) அதிகம், வேகமும் அதிகம். செறிவைப் பாதியாக்குங்கள், பரவலை நிதானமாக்குங்கள், கரைப்பான் சோடியை மாற்றுங்கள். அயனிச் சேர்மம் என்றால் எதிர் அயனியை மாற்றுவது மற்ற எதையும்விட விரைவாகப் பலன் தரும்: குளோரைடுக்குப் பதில் ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட், டெட்ராஃபீனைல்போரேட், டிரைஃப்ளேட் என்று ஒவ்வொன்றாக. பழைய ஆய்விதழ்களைப் பார்த்துப் பெர்குளோரேட்டை நாடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கரிம ஈனிகளோடு (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகளோடு) சேர்ந்த பெர்குளோரேட் உப்புகள் வெடிக்கக்கூடியவை. உலர்த்துவது, சூடாக்குவது, கரண்டியால் சுரண்டுவது மூன்றும் கூடாது.

பொடியாக, அல்லது முடிபோன்ற ஊசிகளாக விழுகிறது

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கருக்கள் உருவாகி, இருக்கிற சேர்மத்தைப் பங்கு போட்டுக்கொண்டதன் விளைவு. தூசியும் நார்த்துணுக்கும்கூடக் கருவாகும் என்பதால் கரைசலைச் சிரிஞ்சு வடிகட்டியில் செலுத்திப் புதுக் குப்பியில் எடுங்கள். பிறகு அடுக்கு முறை: குறுகலான குழாயில் கனமான கரைசல் கீழே, நடுவில் இரண்டு கரைப்பானும் கலந்த மெல்லிய அடுக்கு, மேலே கரைக்காத திரவம். சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்புறம் அந்தக் குழாயை யாரும் தொடக் கூடாது. சென்ட்ரிஃப்யூஜ் ஓடும் மேசையிலோ பம்ப் அதிரும் ஃப்யூம் ஹுட்டிலோ வைத்தால் அடுக்கும் போச்சு, படிகமும் போச்சு.

ஆய்வகக் கருவிக்கு ஒவ்வொரு பக்கமும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் உள்ள படிகம் வசதி. ஊசி நீளமாக இருந்தால் எண்ணெய்த் துளிக்குள் வைத்துப் பிளேடால் வெட்டலாம். மெல்லியது என்றால் செம்புக் கதிர் மூலத்துக்குப் போங்கள். 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், படிகம் சிதறடித்த கதிர் டிடெக்டரில் பதிக்கும் புள்ளிகள் மாலிப்டினத்தின் 0.71ஐவிட வலுவாக விழும்.

அதற்கும் தேறவில்லையா? முன்பு இங்கே கதை முடிந்துவிடும். இப்போது எலக்ட்ரான் விளிம்பு விளைவு இருக்கிறது. டாமிர் கோனென் குழு 2013இல் லைசோசைம் புரதத்தில் தொடங்கிய நுண்படிக எலக்ட்ரான் முறை, 2018இல் சிறு மூலக்கூறுகளுக்கு வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டு குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கட்டுரை வெளியிட்டன. ஐரோப்பியக் குழு சளி மருந்துக் கேப்ஸ்யூலின் பொடியிலிருந்தே பாராசிட்டமாலின் கட்டமைப்பை எடுத்துக் காட்டியது. எக்ஸ் கதிரைவிட எலக்ட்ரான் பொருளோடு பல மடங்கு வலுவாக வினைபுரிவதால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள் போதும். அதே காரணத்தால் ஓர் எலக்ட்ரான் படிகத்துக்குள் பல முறை சிதறும். ஆர் மதிப்பு (மாதிரிக்கும் டேட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டின் அளவு) எக்ஸ் கதிர் டேட்டாவைவிட உயரமாகவே நிற்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நுண்ணோக்கியின் வெற்றிடத்தில் கரைப்பானை இழக்கும் படிகங்களுக்கு மட்டும் இந்த வழி சிரமம்.

போன மாதம் வந்த படிகம் இப்போது வரவே இல்லை

கைராசி என்று விட்டுவிட வேண்டாம். அறைக்குள் வேறு பல்லுருவத்தின் (அதே மூலக்கூறு வேறு விதமாக அடுக்கப்பட்ட படிக வடிவத்தின்) விதைகள் வந்திருக்கலாம். ரிடோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1996இல் சந்தைக்கு வந்தது. 1998இல் அதன் கேப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்கத் தொடங்கின. அதுவரை யாரும் பார்த்திராத, குறைவாகக் கரையும் இரண்டாம் வடிவம் உள்ளே படிந்துகொண்டிருந்தது. பழைய வடிவத்தைத் தயாரிக்கப் போன இடத்திலெல்லாம் புதியதே விழுந்தது; கேப்ஸ்யூலை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. உங்கள் அளவில் செய்யக்கூடியது: புதுக் கண்ணாடிக் குப்பிகள், முடிந்தால் வேறு அறை, பழைய தொகுதியில் ஒரு படிகம் மிஞ்சியிருந்தால் அதையே விதையாகப் போடுவது. அப்படியே இரண்டாவதாக வந்ததையும் தூக்கி எறியாதீர்கள், அதன் அலகுக் கூட்டை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டியை) அளந்து வையுங்கள்.

வெளியே எடுத்ததும் மங்குகிறது, விரிசல் விடுகிறது

நுண்ணோக்கியில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். தாய்க்கரைசலில் (வளர்ந்த கரைசலில்) இருக்கும் வரை விளிம்பெல்லாம் கூர்மையாக, கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். ஸ்லைடில் எடுத்து வைத்துத் திரவம் வற்றிய சில விநாடிகளில் ஒரு மூலையில் வெள்ளை படரும். குறுக்கே கோடுகள் ஓடும். பிறகு மொத்தமும் சுண்ணாம்புத் துண்டு. கூட்டுக்குள் இருந்த டைகுளோரோமீத்தேனோ ஈதரோ வெளியேறிவிட்டது, அவ்வளவுதான்.

வழி: தாய்க்கரைசலோடு ஒரு சொட்டு எடுத்து, உடனே பாராட்டோன் அல்லது ஃபோம்பிளின் எண்ணெயில் மூழ்கடியுங்கள். எண்ணெய்க்குள்ளேயே வைத்து நல்ல படிகத்தைத் தேர்ந்து, வளையத்தில் அள்ளி, நேராக 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். மிகவும் நிலையற்றது என்றால் தேர்வு செய்வதையே குளிர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தின் கீழ் செய்ய வேண்டும்.

ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் போன்ற பொது மையங்களுக்குச் சாம்பிள் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படிகங்களை வடிகட்டி, வேக்குவமில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. என்.எம்.ஆருக்கு அது சரி. இதற்குத் தாய்க்கரைசலோடு, மூடி இறுக்கி, என்ன கரைப்பான் என்று மேலே எழுதி அனுப்புங்கள்.

அறை வெப்பநிலையில் நன்றாக இருந்து, 100 கெல்வினில் வெடிக்கிறதா? வழியில் ஒரு நிலைமாற்றம் இருக்கலாம். 200 கெல்வினில் வைத்து எடுத்துப் பாருங்கள். அதுவும் உடைந்தால் அறை வெப்பநிலையிலேயே எடுத்துவிட்டு, பெரிய எலிப்சாய்டுகளோடு (அணுவின் அதிர்வைக் காட்டும் நீள்கோளங்களோடு) சமாதானமாகிக்கொள்ள வேண்டியதுதான்.

புள்ளிகள் நடுவில் மட்டும், வெளிப்புறம் வெறுமை

சைன் தீட்டா வகுத்தல் லாம்டா (தீட்டா புள்ளியின் கோணம், லாம்டா அலைநீளம்) 0.6 வரை, அதாவது ஏறத்தாழ 0.84 ஆங்ஸ்ட்ராம் வரை டேட்டா வேண்டும் என்பது ஆய்விதழ்களின் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. மாலிப்டினத்துக்கு அது தீட்டா 25 டிகிரி அளவிலும், செம்புக்கு 67 டிகிரி அளவிலும் வரும். வெளிப்புறம் வெறுமை என்றால் முதலில் வெப்பநிலையைக் குறையுங்கள். அடுத்தது, புள்ளி பலவீனமாக இருக்கும் கோணங்களில் மட்டும் எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். எல்லாக் கோணத்துக்கும் கூட்டினால் நடுப்புள்ளிகள் டிடெக்டரை நிரப்பிவிடும். படிகமே ஒழுங்கில்லாதது என்றால் மணிக்கணக்காக எக்ஸ்போஸ் செய்தும் பயன் இல்லை, குப்பிக்குத் திரும்புங்கள்.

புள்ளிகளுக்கு நடுவே வட்ட வளையங்கள் தெரிகின்றனவா? 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிகளில் என்றால் அது பனிக்கட்டி. எண்ணெய்த் துளி பெரிதாக இருக்கும், அல்லது குளிர் ஓட்டம் படிகத்தின் மேல் நேராக விழாது. அறையின் ஈரப்பதமும் காரணம். மழைக்காலத்தில் இது அடிக்கடி வரும்.

கூடு கிடைத்தது, ஆனால் அளவு ஒத்துவரவில்லை

முழு டேட்டா எடுக்கும் முன்பே செய்ய வேண்டிய கணக்கு இது. ஹைட்ரஜன் அல்லாத ஓர் அணுவுக்கு ஏறத்தாழ 18 கன ஆங்ஸ்ட்ராம் இடம் என்று வையுங்கள். உங்கள் மூலக்கூறில் அப்படி 40 அணுக்கள் என்றால் ஒரு மூலக்கூறுக்கு 720. கூட்டின் கன அளவு 2880 என்றால் உள்ளே நான்கு மூலக்கூறுகள், சரி. ஆனால் கன அளவு 1100, ஸ்பேஸ் குரூப் (படிகத்தின் சமச்சீர் வகை) வழக்கமாக நான்கு மூலக்கூறு கேட்கும் பி21/சி மாதிரி இருக்கிறது என்றால் நான்கு பேர் உட்கார இடமில்லை. விழுந்தது உங்கள் சேர்மம் இல்லை, வேறு ஏதோ சின்ன மூலக்கூறு.

அந்த "வேறு ஏதோ" பெரும்பாலும் தனி ஈனி, ஈனியின் ஹைட்ரோகுளோரைடு உப்பு, அல்லது டிரைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு. கடைசியாகச் சொன்னது பல்லேடியம் வேதியியல் செய்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். குப்பியிலேயே மிக அழகான படிகம் எது என்று பார்த்து எடுத்தால் அதுவாகத்தான் இருக்கும். கூட்டளவைக் கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவகத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓல்கா கென்னார்டு 1965இல் தொடங்கி வைத்த அந்தத் தரவகம் 2019இல் பத்து லட்சம் கட்டமைப்புகளைத் தாண்டியது. உங்கள் கூடு ஏற்கெனவே அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தீர்வு வந்தது, ஆர் மதிப்பு இறங்க மறுக்கிறது

ஜார்ஜ் ஷெல்டிரிக் 2015இல் வெளியிட்ட ஷெல்எக்ஸ்டி வந்த பிறகு கட்டமைப்பைத் தீர்ப்பது பெரும்பாலும் ஒரு சொடுக்கு. மூலக்கூறு திரையில் முழுசாகத் தெரியும், அணுக்கள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் ஆர்1 மட்டும் 12, 15 சதவீதத்திலேயே நிற்கும். 5க்குப் பக்கத்தில் வர வேண்டியது. இந்த இடத்தில் இரட்டைப் படிகம் (வேறு திசையில் திரும்பிய இரண்டு துண்டுகள் ஒட்டி வளர்ந்தது) என்று சந்தேகப்படுங்கள்.

தடயங்கள் வெளியீட்டுக் கோப்பிலேயே கிடக்கும். அதிகம் முரண்படும் புள்ளிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அளந்த மதிப்பு கணக்கிட்டதைவிடத் தொடர்ந்து அதிகமாகவே இருக்கிறதா? பலவீனமான புள்ளிகளில் அந்த விகிதம் ஒன்றைத் தாண்டி எகிறுகிறதா? இரண்டாவது படிகத்தின் புள்ளி இதன் மேல் வந்து விழுகிறது. அப்புறம் புள்ளிகளின் வலிமை எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லும் ஈ வர்க்கம் கழித்தல் ஒன்று என்ற புள்ளியியல்: சமச்சீர் மையம் உள்ள கட்டமைப்புக்கு 0.968, இல்லாததற்கு 0.736 என்பது எதிர்பார்ப்பு. 0.736ஐவிடவும் கீழே கிடந்தால் இரட்டைக்கு வாய்ப்பு அதிகம். மோனோகிளினிக் கூடு (பீட்டா என்ற ஒரு கோணம் மட்டும் 90 ஆக இருக்கத் தேவையில்லாதது), பீட்டா கோணம் 90க்கு ஒட்டி என்றால் சந்தேகத்தை இன்னும் கூட்டிக்கொள்ளலாம். அதுபோன்ற கூட்டை மென்பொருள் ஆர்த்தோராம்பிக் (மூன்று கோணமும் 90) என்று காட்டுவதும் உண்டு. இரண்டு சமச்சீரிலும் ஆர்இண்ட் மதிப்பை (சமச்சீர்படி ஒத்திருக்க வேண்டிய புள்ளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை) ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

பிளேட்டான் மென்பொருளின் ட்வின்ராட்மேட் பகுதி இரட்டை விதியைத் தானே தேடித் தரும். பீட்டா 90க்கு ஒட்டிய மோனோகிளினிக்கில் வழக்கமான விதி, ஏ அச்சைச் சுற்றி அரைச்சுற்று: 1 0 0, 0 -1 0, 0 0 -1. இதை ட்வின் கட்டளையில் கொடுத்து, பாஸ்ஃப் மதிப்பை (இரண்டாவது துண்டின் பங்கை) செம்மையாக விடுங்கள். விதி சரி என்றால் ஆர்1 ஒரே ஓட்டத்தில் சரிந்து விழும். எஞ்சிய அடர்த்தியில் கிடந்த குப்பையும் மறையும். 0.3 சதவீதம் மட்டும் இறங்கியது என்றால் அது விதி இல்லை, கூடுதல் ஒரு மாறி தந்த சலுகை. இரண்டு வலைகளின் புள்ளிகளும் பகுதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் வகை என்றால் இரண்டு கூடுகளாகவே இன்டிகிரேட் செய்து எச்கேஎல்எஃப் 5 வடிவக் கோப்பு எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் முனைவாக்கு நுண்ணோக்கியில் அந்தப் படிகத்தைச் சுழற்றிப் பார்த்திருந்தால்? நல்ல ஒற்றைப் படிகம் முழுதாக ஒரே நேரத்தில் இருளும், ஒரே நேரத்தில் ஒளிரும். பாதி இருண்டு பாதி ஒளிர்ந்தால் அது இரண்டு துண்டு. எல்லா இரட்டையும் இப்படி மாட்டாது, மாட்டுவதையாவது பிடித்துவிடலாம்.

ஓர் அணு மட்டும் ஊதியிருக்கிறது, அல்லது சுருங்கியிருக்கிறது

எலிப்சாய்டு அக்கம்பக்கத்து அணுக்களைவிடச் சின்னது என்றால் அங்கே நீங்கள் எழுதியதைவிட எலக்ட்ரான் அதிகமுள்ள அணு இருக்கிறது. பெரிது என்றால் இலேசான அணு, அல்லது இடம் முழுதும் நிரம்பவில்லை. கார்பனை நைட்ரஜனாக, நைட்ரஜனை ஆக்சிஜனாக மாற்றிப் பார்த்து ஆர் மதிப்பு இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் எண் இறங்குகிறது என்பதற்காக வேதியியலை வளைக்காதீர்கள்.

இதில் ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. 1971இல் பாஸ்பீன் ஈனிகள் கொண்ட மாலிப்டினம் ஆக்சோகுளோரைடு அணைவுகளில் நீலம், பச்சை என இரண்டு வகை கண்டார்கள். நீலத்தில் மாலிப்டினம்–ஆக்சிஜன் பிணைப்பு சுமார் 1.68 ஆங்ஸ்ட்ராம், பச்சையில் சுமார் 1.80. பிணைப்பின் நீளத்தில் மட்டும் வேறுபடும் மாற்றியன்கள் என்று முடிவுகட்டினார்கள். கோட்பாட்டு விளக்கங்களும் வந்தன. 1990களின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரார்டு பார்க்கின் குழு, பச்சைப் படிகம் என்பது நீல ஆக்சோ அணைவோடு சிறிது மஞ்சள் டிரைகுளோரைடு அணைவு கலந்தது என்று காட்டியது. நீலத்தில் மஞ்சள் கலந்தால் பச்சை, வேறு மாயமில்லை. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சில கூடுகளில் குளோரின், அதுவும் 2.4 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குத் தள்ளி இருந்தது. இரண்டின் அடர்த்தியையும் சேர்த்து ஒரே ஓர் ஆக்சிஜனாகப் பொருத்தியதால் அந்த அணு வெளிப்பக்கம் நகர்ந்து, பிணைப்பு நீண்டதாகத் தெரிந்தது.

இந்த நோய்க்கு எலிப்சாய்டுதான் நாடி. பிணைப்பின் திசையில் ஓர் அணு நீண்டு கிடந்தால், பிணைப்பின் திசையில் அதிர்வுகளை ஒப்பிடும் ஹிர்ஷ்ஃபெல்டு சோதனையில் பிணைந்த இரண்டு அணுக்களும் ஒத்துப்போகாவிட்டால், அங்கே இருவர் குடியிருக்கிறார்களா என்று பாருங்கள். குளோரைடு–ஹைட்ராக்சைடு, குளோரைடு–புரோமைடு கலப்புகள் நினைப்பதைவிடச் சாதாரணம்.

வேண்டுமென்றே அணுவை மாற்றியவர்களையும் இதே சோதனைகள்தான் காட்டிக்கொடுத்தன. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஈ இதழ் 2010இல் சீனாவின் ஜிங்காங்ஷான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குறைந்தது 70 கட்டமைப்புகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உண்மையான ஒரு டேட்டாவை எடுத்து, உலோகத்தையோ ஒரு தொகுதியையோ மாற்றி மாற்றிப் புதுச் சேர்மமாக்கியிருந்தார்கள். மூலக்கூறின் படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, எலிப்சாய்டுகள் ஒத்துவரவில்லை.

ஒரு தொகுதி மட்டும் கலைந்து கிடக்கிறது

டெர்ட்-பியூட்டைல், டிரைஃபுளூரோமெத்தில், ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட், கரைப்பான் மூலக்கூறு: ஒழுங்கின்மையின் வழக்கமான முகவரிகள் இவை. உருண்டையாக இருக்கும் எதுவும் சுழலும். வித்தியாச வரைபடத்தில் (மாதிரி விளக்காமல் எஞ்சிய அடர்த்தியின் படத்தில்) ஃபுளூரின்களுக்கு இடையே புதிய உச்சங்கள் தெரிந்தால் இரண்டாவது அமைப்பை அங்கே வையுங்கள். பார்ட் 1, பார்ட் 2 என்று பிரித்து, இரண்டின் பங்கையும் ஒரே தனி மாறியில் கட்டி, நீளங்களை சாடி, அதிர்வுகளை ரிகு, சிமு என்ற கட்டுப்பாட்டுக் கட்டளைகளால் (ரெஸ்ட்ரெயின்ட்) பிடித்துக்கொள்ளுங்கள். சமச்சீர் மையம், அச்சு போன்றவற்றின் மேலேயே மூலக்கூறு உட்கார்ந்திருந்தால் பார்ட் -1. ரெஸ்ட்ரெயின்ட் போடுவது தவறே இல்லை. ஆனால் ஒரே ஒரு ஃபுளூரினைப் பிடிக்க மொத்த மூலக்கூறுக்கும் ஐசர் (அதிர்வைக் கோளத்தை நோக்கித் தள்ளும் கட்டளை) போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

கலைந்த கரைப்பானை எந்த மாதிரியிலும் பொருத்த முடியவில்லை என்றால் அதன் அடர்த்தியைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடும் பிளேட்டானின் ஸ்குவீஸ் அல்லது ஓலெக்ஸ்2இன் முகமூடி முறை இருக்கிறது. உலோகக் கரிமக் கட்டமைப்புகளில், அதாவது சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் 2025இல் நோபல் வாங்கித் தந்த அந்தத் துளைப் பொருள்களில், இது அன்றாடத் தேவை. துளைக்குள் இருப்பது ஒழுங்கில்லாத திரவம், அதை அணு அணுவாக வரைவது பொய்.

ஸ்குவீஸ் தரும் எலக்ட்ரான் எண்ணிக்கையை உள்ளே இருந்தது எது என்பதோடு ஒப்பிட வேண்டும். நீர் 10, மெத்தனால் 18, அசிட்டோநைட்ரைல் 22, டி.எம்.எஃப். 40, ஹெக்சேன் 50, குளோரோஃபார்ம் 58. டைகுளோரோமீத்தேன் 42, டைஎத்தில் ஈதரும் 42! மேலே சொன்ன ஆவிப் பரவல் சோடியே அதுதான். எண்ணிக்கை 42 என்று வந்தால் எது என்று அந்த எண் சொல்லாது. புதிய படிகங்கள் சிலவற்றை உடனே டியூட்டீரியக் கரைப்பானில் போட்டு என்.எம்.ஆர். எடுத்தால் தெரியும். எதை நீக்கினீர்கள், எத்தனை எலக்ட்ரான், வாய்பாட்டில் சேர்த்தீர்களா என்பதை சிஃப் கோப்பில் எழுதிவிடுங்கள்.

உலோகத்துக்குப் பக்கத்தில் பெரிய எஞ்சிய உச்சம்

உச்சம் உலோகத்திலிருந்து ஓர் ஆங்ஸ்ட்ராமுக்குள், எதிர்ப்பக்கம் ஒரு பள்ளமும் என்றால் உறிஞ்சல் திருத்தம் போதவில்லை. பிளாட்டினம், பாதரசம், அயோடின் சேர்மங்களுக்குத் தட்டையான படிகத்தைத் தவிர்த்து, முகங்களை அளந்து எண்முறைத் திருத்தம் செய்யுங்கள். மாலிப்டினக் கதிரும் இங்கே நல்லது. உச்சம் 2 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருந்தால் திருத்தத்தைக் குறை சொல்லாதீர்கள், அங்கே அணு இருக்கலாம்.

ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை

எக்ஸ் கதிர் பார்ப்பது எலக்ட்ரானை. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பிணைப்பின் பக்கம் இழுக்கப்பட்டு நிற்கிறது. அதனால்தான் வழக்கமான ரிஃபைன்மென்ட்டில் கார்பன்–ஹைட்ரஜன் நீளம் 0.95 ஆங்ஸ்ட்ராம் என்றும், நியூட்ரானில் 1.08 என்றும் வருகிறது. கோளாறு இல்லை, அளக்கும் பொருளே வேறு. டேட்டா நன்றாக இருந்தால் ஓலெக்ஸ்2இல் உள்ள நோஸ்ஃபெரா2 வழியாக ஹிர்ஷ்ஃபெல்டு அணு முறையை ஓட்டிப் பாருங்கள். அணுவைக் கோளமாக நினைக்காமல், குவாண்டம் கணக்கிலிருந்து வந்த வடிவத்தோடு பொருத்தும்; நீளங்கள் நியூட்ரானை நெருங்கும். நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள், ஹைட்ரஜன் பிணைப்பு எங்கே போகிறது என்று பார்த்து வையுங்கள். இரண்டு ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று 1.5 ஆங்ஸ்ட்ராமில் முறைத்துக்கொண்டு நின்றால் ஒன்று தப்பு.

ஃப்ளாக் மதிப்பு 0.4(5) என்று வருகிறது

மூலக்கூறின் கைப்பக்கம் சரியா என்று சொல்லும் எண் ஃப்ளாக் மதிப்பு: 0 என்றால் சரி, 1 என்றால் தலைகீழ். அடைப்புக்குள் இருப்பது பிழை எல்லை; இங்கே அது 0.5. இதற்கு "தெரியவில்லை" என்று பொருள். கைரல் அமைப்பைச் சொல்ல அசாதாரணச் சிதறல் வேண்டும். பைஃபோட் குழு 1951இல் டார்டாரிக் அமில உப்பில் இதைச் செய்தபோது ரூபிடியத்தின் துணை இருந்தது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் உள்ள மூலக்கூறை மாலிப்டினக் கதிரில் எடுத்துவிட்டு ஃப்ளாக் மதிப்பைக் கேட்டால் அது எங்கே போகும்? செம்புக் கதிர், ஃப்ரீடல் இணைகள் (ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வரும் புள்ளிகள்) முழுதாக, முடிந்தால் குளோரினோ புரோமினோ சேர்ந்த வழிப்பொருள். பிழை எல்லை 0.04க்குள் வந்தால் உறுதியாகச் சொல்லலாம். சேர்மம் ஒரே கைப்பக்கம்தான் என்று வேறு வழியில் தெரிந்திருந்தால் 0.10 வரை ஏற்பார்கள். மதிப்பே 0.5 அளவில், பிழை எல்லையும் சின்னதாக இருந்தால் அது வேறு செய்தி: தலைகீழ் இரட்டை, அல்லது சமச்சீர் மையத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

செக்சிஃப் ஏ லெவல் எச்சரிக்கை தருகிறது

செக்சிஃப் என்பது சிஃப் கோப்பைச் சோதிக்கும் நிரல்; ஏ லெவல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கை. எச்சரிக்கையை வாயடைக்க வழி தேடும் முன் அதைப் படியுங்கள். முரண்படும் புள்ளிகளை ஓமிட் போட்டுக் கழித்து ஆர் மதிப்பைக் குறைப்பது எளிது; கதிர்தடுப்பானின் நிழலில் விழுந்த ஒன்றிரண்டைத் தவிர எதையும் கழிக்க நியாயம் இல்லை.

உண்மையிலேயே நின்று பார்க்க வேண்டிய எச்சரிக்கை, சமச்சீர் விடுபட்டது என்பது. சிசி என்ற ஸ்பேஸ் குரூப்பில் தீர்த்த கட்டமைப்பு, சமச்சீர் கூடிய சி2/சி ஆக இருக்கலாம். கால்டெக்கின் ரிச்சர்டு மார்ஷ் இப்படி வெளியானவற்றைத் தேடித் தேடித் திருத்திக்கொண்டே இருந்தார். ஒருவருடைய கட்டமைப்பு "மார்ஷ் செய்யப்பட்டது" என்று சொல்வது துறையில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அலகில் இரண்டு தனி மூலக்கூறுகள், அவற்றின் பிணைப்பு நீளங்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிர்ப் பக்கம் விலகியிருக்கின்றன, ரிஃபைன்மென்ட்டும் நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்றால் பிளேட்டானில் விடுபட்ட சமச்சீரைத் தேடும் ஆட்சிம் ஓட்டுங்கள். உயர்ந்த சமச்சீரில் மீண்டும் தீர்த்து ஆர் மதிப்பு கெடவில்லை என்றால் அதுதான் சரி.

மிஞ்சும் எச்சரிக்கைகளுக்கு சிஃப் கோப்பிலேயே விளக்கம் எழுதும் இடம் உண்டு. "படிகத்தின் தரம் குறைவு" என்று ஒரே வரியை எல்லாவற்றுக்கும் ஒட்டாமல், எத்தனை படிகம் பார்த்தீர்கள், எந்தக் கோணத்துக்கு அப்பால் புள்ளி இல்லை என்று எழுதுங்கள். ஷெல்எக்ஸ்எல் இப்போது புள்ளிப் பட்டியலையும் கட்டளைக் கோப்பையும் சிஃபுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. கோப்பு பெரிதாக இருக்கிறது என்று அதை வெட்டிவிட்டு அனுப்ப வேண்டாம். மதிப்புரை செய்கிறவர் சந்தேகம் வந்தால் அதைத் தன் கணினியில் ஓட்டித்தான் பார்ப்பார்.